பாண்டியன் காலொடிந்த படலம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க எனக்கு அனுமதி கிடையாது. மாதத் தவணை கட்டி அதை வாங்கியவன் நான். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பவனும் நான். இருந்தாலும் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் ஹாலில் உட்கார்ந்தபடி குரல் கொடுக்க வேண்டும். யாராவது எழுந்து, சோபாவில் யார் மடியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்து, அதன் பிறகுதான் கதவைத் திறப்பார்கள். வருகிற விருந்தாளிகளிடம் மண்பானைத் தண்ணீரின் மகிமையைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடையுத்தரவுக்குக் காரணம் பாண்டியன். மதுரைக்குப் போகிற ரயில் அல்ல. ஒரு கினி பிக்.

பொங்கல் லீவில் கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்கப் போனோம். கொளத்தூருக்குப் போகிற எல்லாரும் மீன் வாங்கத்தான் போகிறார்கள். திரும்பும்போது கையில் இருப்பது வேறு. மீன் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கூண்டின் முன்னால் என் மகள் உட்கார்ந்துவிட்டாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை. தரையில் உட்கார்ந்தால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். சரி, ஒன்று வாங்கித் தொலைக்கலாம் என்று நான் இறங்கி வந்தேன்.

“ஒண்ணு வாங்கக் கூடாதுப்பா. சுவிட்சர்லாந்துல ஒண்ணை மட்டும் தனியா வளர்த்தா சட்டப்படி தப்பு.”

அங்கே 2008இல் உண்மையாகவே அப்படி ஒரு விதி வந்தது. கூட்டமாக வாழும் பிராணியை ஒண்டியாக அடைத்து வைக்கக் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் ரெட்டேரி வரைக்கும் செல்லுபடி ஆகுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கடைக்காரர் இரண்டை எடுத்து அட்டைப் பெட்டிக்குள் விட்டு, காற்றுக்கு நாலு ஓட்டையும் போட்டுவிட்டார். ஜோடி 800 ரூபாய்.

“குட்டி கிட்டி போடுமாங்க?” என்று என் மனைவி கேட்டாள்.

“ரெண்டும் ஆம்பளைம்மா. நான் கேரண்டி.”

மகள் பரீட்சைக்கு மூவேந்தர்களைப் படித்துக்கொண்டிருந்த சமயம். ஆகவே ஒன்று பாண்டியன், இன்னொன்று சோழன். சேரனுக்கு நம் வீட்டில் இடமில்லை என்று என் மனைவி அன்றைக்கே அறிவித்துவிட்டாள்.

வீட்டில் எதிர்க்கட்சி என் அம்மா. “வீட்டுக்குள்ள வந்த பெருச்சாளிய அடிச்சு விரட்டுவாங்க. நீ காசு குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கியேடா” என்றாள். சீமைப் பெருச்சாளி என்றுதான் தமிழில் இதற்குப் பெயர் என்பதால் என்னால் முழுதாக மறுக்கவும் முடியவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஏழாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் இதை வீட்டில் வளர்க்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். “அங்கேயே வளர்க்கட்டும்” என்று அம்மா சாமி அறைக்குப் போய்விட்டாள்.

இந்தப் பிராணிக்கு வாலில்லை. முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று விரல். மிச்சம் முழுக்க வயிறு. காது மட்டும் அபாரம். மொட்டை மாடியில் நின்று நான் கத்தினாலும் திரும்பாது. ஆனால் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் விடுபடுகிற சத்தமோ, கொத்தமல்லிக் கட்டு வைத்த பாலிதீன் பையின் சரசரப்போ கேட்டால் போதும், ‘வீக், வீக்’ என்று தெருமுனைவரை கேட்க விசிலடிக்கும். நாலு மாதத்தில் பாண்டியன் நன்றாகத் தேறியது. சோழனைவிட ஒரு சுற்றுப் பெருத்து, உட்கார்ந்தால் பரவியது. “என் கைராசி. நான் நறுக்கிப் போடற கேரட்” என்று நான் சொல்லிக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை என்பது வேறு விஷயம்.

சம்பவம் நடந்தது மே மாதத்து மத்தியானம். மகள் சோபாவில் பாண்டியனை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் வந்த நான் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாண்டியன் விசிலடித்தது. அடுத்து, கொத்தமல்லி இருக்கும் திசை நோக்கி மடியிலிருந்து பாய்ந்தது. பூனைக்குக் குதிக்கவும் தெரியும், இறங்கவும் தெரியும். கினி பிக்குக்குப் புறப்படத் தெரியும், அவ்வளவுதான். மொசைக் தரையில் தொப்பென்று ஒரு சத்தம். எழுந்து நாலடி நடந்தபோது பின்னங்கால் ஒன்று தரையில் படவில்லை.

விசாரணைக் கமிஷன் அங்கேயே கூடியது.

“நீங்க ஏன் அந்த நேரத்துல ஃப்ரிட்ஜைத் திறந்தீங்க?”

“தாகம்.”

“சொம்புல தண்ணி இருந்துச்சே.”

“அப்பா வேணும்னு பண்ணலைம்மா” என்று மகள் அழுகைக்கு நடுவே சாட்சி சொன்னாள். அந்தச் சாட்சியில் இருந்த சந்தேகத்தின் பலன்கூட எனக்குக் கிடைக்கவில்லை. தீர்ப்புதான் முதல் பத்தியில் நீங்கள் படித்தது.

அரை மணி நேரத்துக்குள் விஷயம் அடுக்ககம் முழுவதும் பரவிவிட்டது. எதிர் வீட்டு மாமி மஞ்சள் பற்றுப் போடச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் புத்தூர் கட்டுக்குப் பரிந்துரைத்தார். மூங்கில் பட்டையும் முட்டையும் வைத்துக் கட்டினால் நோயாளியைவிடக் கட்டு பெரிதாகிவிடும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. “சார், அந்த வைத்தியமே ஒரு முயல் கால்லேருந்துதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லுவாங்க. தெரியுமா?” அப்படி ஒரு கதை உண்டுதான். வேட்டையில் கால் ஒடிந்த முயலைப் பச்சிலையில் சுற்றி எடுத்து வர, வீடு வருவதற்குள் எலும்பு கூடிவிட்டதாம். பிராணியின் சைஸும் பொருந்துகிறது. ஒரு கணம் ஆந்திர எல்லைவரை டாக்ஸிக்கு என்ன ஆகும் என்று மனக்கணக்குப் போட்டேன்.

என் மைத்துனர் போனில் வந்தார். அவர் மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அதனால் குடும்பத்தில் பாதி டாக்டர். போன மாதம் மகளுக்குத் தொண்டை வலிக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்குமே, அதில் கால் ஸ்பூன் கொடுங்கள் என்றார். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மகள் அழுகையை நிறுத்தவில்லை. பேச்சை மாற்றினால் சரியாகும் என்று நினைத்து, பெரு நாட்டில் குஸ்கோ நகரத்துத் தேவாலயத்தில் இருக்கும் ஓர் ஓவியத்தைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டாம் நூற்றாண்டில் மார்க்கோஸ் ஸபாட்டா என்பவர் வரைந்த இயேசுவின் இராப் போஜனம். சீடர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் தட்டில் இருப்பது கினி பிக் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

“தட்டுல ஏன்பா இருக்கு?” என்றாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு செய்தியைத் தொடங்கினால் முடிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. அங்கே அது விசேஷ நாள் சமையல் என்பதை விளக்கினேன். அதற்குப் பிறகு டாக்டர் வீடுவரை என்னோடு யாரும் பேசவில்லை.

எங்கள் தெருமுனை டாக்டர் நாய், பூனையோடு நிறுத்திக்கொள்கிறவர். பாண்டியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தனி அனுபவம் வேணும் சார்” என்று வேப்பேரிப் பக்கம் ஒரு டாக்டரம்மாவின் விலாசம் கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதருக்கு என் வணக்கம். என் மைத்துனரிடம் இந்தக் குணம் இல்லை. வேப்பேரி சரியான இடம்தான். கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியதிலிருந்து நாலுகால் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய வட்டாரம்.

பாண்டியனைக் காய்கறிக் கூடையில் துண்டு விரித்து வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினோம். சோழனும் வந்தது. கூட்டாளி பக்கத்தில் இருந்தால் நோயாளி பயப்படாது என்பது மகளின் கட்சி. மீண்டும் சுவிட்சர்லாந்து.

“இன்னா சார் அது, எலியா முயலா?” என்றார் ஆட்டோக்காரர்.

“கினி பிக்.”

“பன்னியா? எங்க சார் மூக்கு?”

எழும்பூர்வரை விளக்கினேன். கடைசியில் அவர் கேட்டது, “எவ்ளோக்கு வாங்கின?” சொன்னேன். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒன்றும் பேசவில்லை. மௌனத்தில் இவ்வளவு கணக்கு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டரம்மா வீட்டு வராந்தாவில் ஒரு லாப்ரடார், இரண்டு கிளி, கண்ணில் பூ விழுந்த ஒரு கிழப் பூனை. ஒவ்வொருவரும் தங்கள் நோயாளியின் பெயர், வயது, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். லாப்ரடார்க்காரர் என்னைப் பார்த்து, “உங்க பையன் என்ன சாப்பிடறார்?” என்றார். மகளுக்கு அண்ணன் யாரும் இல்லையே என்று குழம்பிவிட்டுத்தான் கேள்வி கூடையைப் பற்றியது என்று புரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா முதலில் எடை போட்டார். 1,150 கிராம். பிறகு காலை மெதுவாகத் தடவினார். மைத்துனரின் யோசனையைச் சொல்லி நான் சிரப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

“பெனிசிலின் வகை எதையும் இதுக்கு வாய்வழியா குடுக்கவே கூடாது சார். குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா எல்லாம் செத்து, கெட்டது பெருகிடும். அதுலயே உயிர் போயிடும். கால் வலியில யாரும் சாகறதில்லை.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். யோசனை சொன்னது அவள் தம்பி. பார்வை விழுந்தது என்மேல். குடும்ப வாழ்க்கையில் இதற்கெல்லாம் அப்பீல் கிடையாது.

அடுத்த கேள்வி சாப்பாடு. கேரட், வெள்ளரிக்காய், கொஞ்சம் கொத்தமல்லி என்றேன் பெருமையாக. வைட்டமின் சி போதாது என்றார். எலி தன் உடம்பிலேயே அந்தச் சத்தைத் தயாரித்துக்கொள்கிறது, நாயும் அப்படியே. மனிதனுக்கும் கினி பிக்குக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஈறிலும் மூட்டிலும் ரத்தம் கசிய வைத்துக் கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இதற்கும் வரும். 1907இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் வேறு எதையோ தேடிக் கினி பிக்குக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்க்க, மாலுமிகளின் நோய் அதற்கு வந்து நின்றது. அன்றைக்கு எலியை வைத்துச் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தச் சத்து குறைந்தால் மூட்டு வீங்கும், எலும்பு கூடத் தாமதமாகும், விழாமலே நொண்டும். “நெல்லிக்காய், கொய்யா, குடைமிளகாய். தினமும்” என்று எழுதினார்.

பிறகு எக்ஸ்ரே. அதன் கட்டணம் ஜோடி விலையைத் தாண்டியது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

திரையில் படம் வந்தது. டாக்டரம்மா பேனா முனையால் காட்டினார். “கணுக்காலுக்கு மேல ஒரு மெல்லிய விரிசல். எலும்பு விலகலை. கட்டுப் போட்டா கடிச்சுப் பிச்சிடும், அதனால வேண்டாம். ஓய்வுல இருந்தா தானா கூடிடும்.” நாங்கள் மூச்சு விட்டோம். ஆனால் பேனா நகர்ந்து வயிற்றுப் பக்கம் போய் நின்றது. அங்கே சின்னச் சின்னதாகக் கோத்த எலும்பு வரிசைகள், வளைந்து வளைந்து மூன்று.

“ராத்திரி பீன்ஸ் போட்டோம் மேடம்” என்றேன்.

“இது பீன்ஸ் இல்லை சார். குட்டிங்க.”

அறையில் அமைதி.

“பாண்டியனுக்கா?” என்றாள் என் மகள்.

“பாண்டியன் ஆம்பளைங்க” என்றேன் நான். “கடைக்காரர் கேரண்டி குடுத்திருக்கார்.”

டாக்டரம்மா பதில் சொல்லாமல் கூடைக்குள் இருந்த சோழனை எடுத்துப் பார்த்தார். “இது ஆண்தான்” என்று திரும்ப வைத்தார். இந்தப் பிராணியில் ஆண் பெண் பார்த்த மாத்திரத்தில் தெரியாது, விற்கிறவர்களே ஏமாறுவது சகஜம் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். எக்ஸ்ரேயில் இவ்வளவு எலும்பு தெரிகிறது என்றால் ஆறு வாரம் தாண்டிவிட்டது. மொத்தச் சினைக்காலமே 59 நாளிலிருந்து 72 நாள்வரைதான். நாலு மாதமாக நான் கைராசி என்று சொல்லிக்கொண்டிருந்தது சோழனுடைய ராசி என்பது எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது.

கர்ப்பம் என்பதால் எழுத இருந்த வலி மருந்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். வயது கேட்டார். ஐந்து மாதம் இருக்கும் என்றோம். நல்லவேளை என்றார். ஆறேழு மாதத்துக்குள் முதல் பிரசவம் ஆகாவிட்டால் இடுப்பெலும்பு இறுகி, பிற்பாடு குட்டி வெளியே வர வழியிருக்காதாம். வயிற்றைத்தான் கிழிக்க வேண்டும். இனிமேல் சோழனைத் தனியாக வைக்க வேண்டும். காரணம், குட்டி போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே மறுபடி சினை பிடிக்கும். அந்தச் செய்தியைக் கேட்டபோது என் மனைவி சோழனைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. முதல் தடவையாக அது வேறொருவர்மேல் விழுந்தது.

கடைசியாகப் பொது விதிகள்: படி ஏறக் கூடாது, தாவக் கூடாது, மெத்தென்ற இடத்தில் முழு ஓய்வு. இதே மூன்றையும் எலும்பு டாக்டர் என் முழங்காலுக்காகப் போன வருஷமே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டுப் பால் கணக்கு இருக்கிறது.

வீட்டில் நுழைந்ததும் செய்தியை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினோம். மகளே சொல்லிவிட்டாள். அம்மா கூடையை எட்டிப் பார்த்தாள். பெருச்சாளி என்ற சொல் அந்த நிமிஷத்தோடு எங்கள் வீட்டில் வழக்கொழிந்தது.

“ஐயோ பாவம், வாயும் வயிறுமா இருக்கறவளையாடா ஆட்டோவுல குலுக்கிட்டு வந்தே?”

அதன்பின் நிர்வாகம் அம்மா கைக்குப் போனது. தன்னுடைய பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் பெட்டியில் விரித்தாள். மஞ்சள் பற்றை அவளே வேண்டாம் என்றாள், நக்கிவிடுமாம். பாண்டியன் பாண்டிமாதேவி ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூண்டுக்கு முன்னால் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டதாக எதிர் வீட்டு மாமி சொல்கிறார். அம்மா மறுக்கிறாள். மாமியும் அன்று அங்கே இருந்ததாக எனக்குத் தகவல்.

ஆண்டிஸ் மலைக் குளிரிலிருந்து வந்த வம்சம் இது. முப்பது டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தில் சுருண்டுவிடும். சென்னையில் மே மாதம் அந்த எண்ணிக்கை காலைக் காபிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஏ.சி. உள்ள அறை ஒன்றுதான். பாண்டிமாதேவி, அவளுக்குத் துணையாக அம்மா, அம்மாவுக்குத் துணையாக மகள், மகளுக்குத் துணையாக என் மனைவி என்று அறை நிரம்பியது. நானும் சோழனும் ஹாலுக்கு வந்தோம். சோழனுக்கும் உஷ்ணம் ஆகாது என்பதால் டேபிள் ஃபேன் அவன் பக்கம் திரும்பியது. ஆண்களுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கும் என்று நினைத்து இரவில் அவனிடம் இரண்டொரு வார்த்தை பேசிப் பார்த்தேன். என் கையில் கொத்தமல்லி இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இதற்கு முக்கிய உணவு புல். கேரட்டெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். அடுக்ககத்தில் புல்லுக்கு எங்கே போவது? பிள்ளையார் கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் அறுகம்புல் இருக்கிறது. தினமும் காலையில் போய் வாங்கினேன். முதல் நாள் மாலையாகவே கட்டிக் கொடுத்துவிட்டார். வாழைநார் பிரிக்க நேரமானது. அடுத்த நாளிலிருந்து உதிரியாக, பெரிய கட்டாக. தெருவில் என் பக்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. கீழ்வீட்டுக்காரர், “ரிட்டயர்மெண்ட்டுக்கு முன்னாடியே ஆன்மிகத்துக்கு வந்துட்டீங்க சார்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். குருக்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். புல் வாங்குகிற ஆசாமி உள்ளே வருவதே இல்லையே. ஒரு நாள் வாசலிலேயே மடக்கி, “யாருக்கு சார் சாத்தறேள்?” என்றார். வாகனத்துக்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

முதல் இரவு பாண்டிமாதேவி ஒன்றையும் தொடவில்லை. இதுதான் உண்மையான ஆபத்து, கால் அல்ல. இந்தப் பிராணியின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் அசைவு குறைந்து வாயு கட்டும். சினையாக இருக்கும்போது அதோடு ரத்தத்தில் விஷமும் ஏறும். வலியை வெளியே காட்டவும் காட்டாது. காட்டினால் கழுகு தூக்கிவிடும் என்று மலையில் கற்ற பாடம். ஆகவே டாக்டரம்மா சொன்னபடி, பெல்லட் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும்.

சிரிஞ்ச் என் மனைவி கையில். துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வது என் வேலை. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருப்பவன் நான். எனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள ஒரு கர்ப்பிணி, பச்சை நிறக் கூழை என் மூக்குக்கண்ணாடியில் துப்பியபோது அந்த முப்பது பேரையும் நினைத்துக்கொண்டேன். இரவு 2 மணிக்கு மறுபடி அலாரம். தரையில் உட்கார்ந்து எழுந்ததில் என் முழங்காலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். எல்லாரும் பதறிப்போய்ப் பாண்டிமாதேவியின் காலைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றேன்.

“பயமுறுத்தாதீங்க” என்றாள் என் மனைவி.

சாப்பிட்டது உள்ளே வேலை செய்கிறதா என்பதற்குச் சான்று புழுக்கை. நல்ல நிலைமையில் இருக்கும் கினி பிக் ஒரு நாளைக்கு நூறுக்கு மேல் போடும். குறைகிறதா, சிறுத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு இலாகா என்னிடம் வந்தது. ஒரு நாள் எண்பத்து நாலில் இருக்கும்போது ஆபீசிலிருந்து போன், டைரக்டர். நிலுவைக் கோப்புகள் எத்தனை என்று கேட்டார். “எண்பத்து நாலு சார்” என்றேன். திருப்தியாக வைத்துவிட்டார். சில சமயம் எண்ணிக்கை இடித்தது. மிருதுவான ஒரு வகைப் புழுக்கையை அது தானே குனிந்து எடுத்துத் தின்றுவிடும். அதில் சத்து மிச்சம் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பாண்டிமாதேவியைப் பற்றி அவள் உயர்ந்த அபிப்பிராயம் வைத்திருந்தாள்.

எடை தினமும் பார்க்க வேண்டும். நோய் முதலில் தெரிவது அங்கேதான். சாம்பார் பொடிக்கு மிளகாய் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசை என் மனைவி கொடுத்துவிட்டாள். நான் சர்க்கரை நிறுக்கக் கேட்டால் கிடைக்காத தராசு. இரண்டாம் நாள் சாயங்காலம் பாண்டிமாதேவி தானாக ஒரு அறுகம்புல்லை இழுத்து மென்றாள். அம்மா பிள்ளையாருக்குச் சூறைத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் ஏ.சி. அறையிலிருந்து ‘வீக், வீக்’ கேட்டது. நான் எழுந்துகூட இருக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தது வேறு யாரோ என்பதை இங்கே எழுத்துபூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நெல்லிக்காய் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு லாபம் உண்டு. பாண்டிமாதேவிக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. வாங்கிய நெல்லிக்காய் வீணாகக் கூடாது என்று எனக்குத் தினமும் ஜூஸ் போட்டுக் கொடுத்தார்கள். அவள் குடைமிளகாயும் கொய்யாவும் சாப்பிட்டாள். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஸ்கர்வி வரவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா இடுப்பெலும்பு விரலளவு விலகியிருக்கிறது என்றார். கால் தரையில் பட ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு விடியற்காலையில், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், நாங்கள் எல்லாரும் தூங்கும்போது பிரசவம் முடிந்துவிட்டது. எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை: மூன்று. இந்தக் குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். உடம்பு முழுக்க ரோமம், வாயில் பல். மத்தியானத்துக்குள் ஒன்று கொத்தமல்லித் தண்டைக் கடித்து இழுத்தது. அம்மா அதைக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“பொறந்த அன்னிக்கே தானா திங்குது. உனக்கு ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் நான் ஊட்டிவிட்டேன்டா.”

ஒரு குட்டிக்குச் சேரன் என்று பெயர் வைத்தாயிற்று. இடமில்லை என்று அறிவித்தவள்தான் வைத்தாள். சோழனுக்கு வேப்பேரியில் ஒரு சிறிய ஆபரேஷன் நடந்தது. சில வாரம் கழித்து மறுபடி பாண்டிமாதேவியோடு சேர்த்தோம். கடைக்காரர் கொடுத்த கேரண்டி இனிமேல் செல்லும். பாண்டிமாதேவி நொண்டாமல் ஓடுகிறாள். எக்ஸ்ரே படத்தை மகள் பள்ளிக்கூட சயன்ஸ் நோட்டில் ஒட்டி நல்ல மார்க் வாங்கிவிட்டாள்.

மிச்சம் இரண்டு குட்டிகள் இருக்கின்றன. ஒன்று காபிப் பொடி நிறம், இன்னொன்று வெள்ளையில் கறுப்புத் திட்டு. இரண்டும் பெண், கடைக்காரர் சொல்லி அல்ல, டாக்டரம்மா பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். விலை கிடையாது. இரண்டையும் சேர்த்துத்தான் தருவோம். ஒன்று மட்டும் கேட்பவர்களிடம் என் மகள் சுவிட்சர்லாந்துச் சட்டம் பேசுவாள். கம்பி வலைத் தரை உள்ள கூண்டு வைத்திருப்பவர்கள் வர வேண்டாம், கால் சிக்கிக்கொள்ளும். ஏ.சி. அறை உண்டா, வீட்டில் புழுக்கை எண்ணத் தெரிந்தவர் யார் என்று அம்மா நேர்காணலில் கேட்பாள். பதிலைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்தால் நான் கோயில் வாசலிலிருந்து திரும்பியிருப்பேன்.